உண்டியலும் பாக்கியும்

‘ஒன் ஹென்’ என்று ஒரு படப்புத்தகம். கேட்டி ஸ்மித் மில்வே எழுதி, யூஜீனி பெர்னாண்டஸ் படம் வரைந்து 2008ல் வெளிவந்தது. கானா நாட்டில் ஒரு கிராமம். அப்பா இறந்துபோனதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மாவோடு சேர்ந்து விறகு பொறுக்கி விற்கும் கோஜோ என்ற பையன். ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணத்தை முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கடனாகத் தருகிறார்கள். கிட்டத்தட்ட நம்மூர்ச் சீட்டு மாதிரிதான். அம்மாவின் முறை வரும்போது, மிஞ்சிய சில காசுகளை அவளிடம் வாங்கி கோஜோ ஒரு கோழி வாங்குகிறான். முட்டை விற்கிறான், கடனை அடைக்கிறான், இன்னும் கோழிகள் வாங்குகிறான். மறுபடி பள்ளிக்கூடம் போகிறான். பெரியவனாகி வங்கியில் கடன் எடுக்கிறான். கடைசியில் ஒரு பெரிய கோழிப்பண்ணையின் முதலாளி. குவாபெனா டார்கோ என்ற உண்மையான மனிதரின் வாழ்க்கையை ஒட்டிய கதை இது. ஏழெட்டு வயதுக் குழந்தைக்குக் கடன், முதல், லாபம் மூன்றையும் ஒரு கோழியை வைத்தே விளக்கிவிடுகிறது. இந்த வகையில் நான் பார்த்த புத்தகங்களில் நல்ல ஒன்று என்றுதான் சொல்வேன்.

ஆனால் இதை நாமக்கல்லில் உட்கார்ந்து வாசித்தால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஏனென்றால் இங்கே யாரும் ‘ஒரு கோழி’ என்று பேசுவதில்லை. ஷெட்டுதான் கணக்கு. நாமக்கல்லைச் சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்புகிறது. மக்காச்சோளம் என்ன விலை, சோயா புண்ணாக்கு என்ன விலை, கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் லாரி நிற்குமா போகுமா என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலை அறிவிக்கும். அந்த விலைதான் பண்ணைக்காரர் கைக்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வியாபாரி அதிலிருந்து சில காசுகளைக் கழித்துத்தான் எடுப்பார். அந்தக் கழிவுக்கு ஊரில் ‘மைனஸ்’ என்றே பெயர். “இன்னைக்கு மைனஸ் எவ்வளவு?” என்பது இங்கே சகஜமான கேள்வி. 1982ல் அந்தக் குழு தொடங்கியபோது அதன் முழக்கம் ‘என் முட்டை, என் விலை, என் வாழ்வு’ என்பது. விளைவித்தவன் விலையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக இந்தியா முழுக்கப் பண்ணைக்காரர்கள் ஒன்றுகூட வேண்டியிருந்தது. கூடிய பிறகும் மைனஸ் இருக்கிறது.

கோஜோவின் கதையில் விலை என்பது ஒரு பிரச்சினையே இல்லை. முட்டையைக் கொண்டுபோனால் விற்கும், விற்றால் காசு. விலை சரியும் பக்கம் ஒன்று அந்தப் புத்தகத்தில் கிடையாது.

சின்னக் குழந்தைகளுக்குப் பணத்தைப் பற்றிப் படக்கதை மூலம் சொல்லித் தரலாமா என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ‘அதுங்க பாட்டுக்குக் காக்கா, நரின்னு படிக்கட்டுமே, இந்த வயசுல எதுக்குக் காசு?’ என்பது ஒன்று. ‘சின்ன வயசுலயே சொல்லிக் குடுக்காததால்தான் நம்ம ஆளுங்க கடன்ல மாட்டறாங்க’ என்பது இன்னொன்று. இரண்டிலுமே எனக்கு ஒப்புதல் இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு. சொல்லித் தரும்போது பழியை யார் மேல் வைக்கிறோம்?

பணம் சொல்லித் தரும் படக்கதைகளைக் கொஞ்சம் அடுக்கி வைத்துப் பாருங்கள். தேவை வேறு, ஆசை வேறு. உழைத்தால் காசு. காசை மூன்று ஜாடியில் பிரித்துப் போடு: செலவுக்கு, சேமிப்புக்கு, தானத்துக்கு. பொறுத்திருந்தால் பெரிய பொம்மை. பெரும்பாலும் இந்த நான்கைந்துக்குள் அடங்கிவிடும். இது புதிதும் இல்லை. 1924ல் இத்தாலியின் மிலான் நகரில் சேமிப்பு வங்கிகளின் மாநாடு ஒன்று நடந்தது. உலக சிக்கன நாள் அங்கே பிறந்தது. தமிழ்நாட்டில் அக்டோபர் 30ஆம் தேதி கொண்டாடுகிறோம். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று கட்டுரைப் போட்டி எழுதாமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர் இந்தப் பக்கம் குறைவு. சஞ்சயிகா என்ற பள்ளிச் சேமிப்புத் திட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். வகுப்பிலேயே சில்லறை வாங்கி வரவு வைப்பார்கள். ரிசர்வ் வங்கிகூடப் பிள்ளைகளுக்கென்று காமிக்ஸ் போட்டது, ‘ராஜு அண்ட் தி மனி ட்ரீ’ என்று. எல்லாவற்றிலும் குழந்தையின் கையில் ஒரு நாணயம் இருக்கிறது, அதை என்ன செய்யப்போகிறாய் என்பதே கேள்வி. நாணயம் எப்படி அந்தக் கைக்கு வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளிபாளையம் பக்கம் ஒரு மாலைப் படிப்பகத்தில் இரண்டு வருடமாகக் குழந்தைகளுக்குப் படக்கதை வாசிக்கிறேன். சுற்றிலும் விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் படிக்க வேண்டும். பன்றிக்குட்டி உண்டியல் படம் போட்ட ஒரு கதையை ஒருநாள் படித்துக்கொண்டிருந்தேன். உண்டியல் நிறைந்து, பாப்பா சைக்கிள் வாங்குகிற கதை. முடிந்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்:

“எங்கூட்டு உண்டியல எங்கப்பா ஒடச்சுட்டாருங்க்கா.”

“ஏன் கண்ணு?”

“பாக்கி குடுக்கோணும்னு.” கொஞ்சம் நேரம் கழித்து, யாரும் கேட்காமலே: “எங்கப்பாவுக்குச் சேர்த்து வெக்கவே தெரியாதுங்க்கா.”

அந்தக் கடைசி வாக்கியம் அந்தக் குழந்தையுடையது இல்லை. கால்மணி நேரத்துக்கு முன்பு அந்த எண்ணம் அவளிடம் இருந்திருக்காது. பாப்பாவும் சைக்கிளும் வந்துபோன பிறகு அது வந்துவிட்டது.

பாக்கி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் தறிக்கு வேலைக்குச் சேரும்போது முதலாளி ஒரு தொகையை முன்பணமாகத் தருவார். அது கூலியில் மெல்லக் கழிந்து தீரும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அப்படியே நிற்கும். வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் அவர் இந்தப் பாக்கியை அடைத்துக் கூட்டிப்போக வேண்டும். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வந்தால் பாக்கி இன்னும் ஏறும். இந்த ஊர்களில் 1990களில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் கீர்த் டி நேவ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கவனித்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது: பாக்கி ஆளைக் கட்டிப்போடும் கயிறு மட்டுமில்லை. தறிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் தொழிலாளிகளே கூடுதல் பாக்கி கேட்டுப் பேரம் பேசியிருக்கிறார்கள், வாங்கிக்கொண்டு வேறு தறிக்கும் போயிருக்கிறார்கள். கட்டுப்போடுவதும் அதுவே, கட்டை இழுத்துப் பார்ப்பதும் அதுவே. இப்படி இரண்டு முகம் உள்ள ஒரு விஷயத்துக்குப் படப்புத்தகங்களில் இடமே இல்லை. அங்கே கடன் என்றால் ஒன்று கோஜோவின் நல்ல கடன். இல்லாவிட்டால் ஊதாரி வாங்கிய கெட்ட கடன்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு இது தெரியும். “நாங்க அந்தத் தறிவூட்டுல இருந்து இங்க வந்தமில்லைங்க்கா, அது இந்த மொதலாளி பாக்கி கட்டுனதாலதான்” என்று இன்னொரு நாள் சொன்னாள். வீடு மாறியது, பள்ளிக்கூடம் மாறியது, பழைய கூட்டாளிகள் போனது எல்லாவற்றுக்கும் காரணமான பொருளாதாரத்தை ஏழு வயதில் ஒரே வரியில் சொல்லத் தெரிந்த பிள்ளை. அவளுக்குத்தான் நான் உண்டியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு அறச்சிக்கல் இருக்கிறது. படக்கதையில் காரணமும் விளைவும் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கும். சேர்த்தாள், பக்கத்தைத் திருப்பினால் சைக்கிள். அதுதான் படப்புத்தகத்தின் பலம், சின்னப் பிள்ளைக்குப் புரிவதும் அதனால்தான். ஆனால் குழந்தைகள் புத்தகத்தைப் பின்பக்கமாகவும் வாசிப்பார்கள். சைக்கிள் இல்லையென்றால் சேர்க்கவில்லை. வீடு இல்லையென்றால் அப்பாவுக்கு வீடு கட்டத் தெரியவில்லை. கதை சொன்னவர் இப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனால் வசதியான வீட்டுக் குழந்தைக்குப் பழக்கம் சொல்லித் தரும் அதே கதை, தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்குத் தன் பெற்றோரைப் பற்றித் தீர்ப்பு சொல்லித் தருகிறது. ஒரே புத்தகம், ஒரே விலை.

‘பொறுத்திருந்தால் இரண்டு’ என்ற பாடத்துக்கு அறிவியல் ஆதாரம் என்று எல்லோரும் காட்டுவது மார்ஷ்மெல்லோ சோதனையை. ஸ்டான்போர்டில் வால்டர் மிஷெல் நடத்தியது. ஒரு மிட்டாயை முன்னால் வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்பார்கள். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று பேசப்பட்டது. 2018ல் டைலர் வாட்ஸும் மற்ற இருவரும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சுருங்கியது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2013ல் வந்த செலஸ்ட் கிட் குழுவினரின் ஆய்வு. 28 குழந்தைகள்தான். மிட்டாய்க்கு முன்னால் வேறொரு வாக்குறுதி கொடுத்தார்கள், நல்ல வரைபொருள்கள் கொண்டுவருகிறேன் என்று. பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் ‘மன்னிச்சுக்கோ, இல்லை’ என்று வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். உடனே எடுத்துத் தின்ற குழந்தையிடம் குறை ஒன்றும் இல்லை. தன் உலகத்தை அது சரியாகப் படித்திருக்கிறது. உண்டியல் எப்படியும் உடைக்கப்படும் என்று தெரிந்த வீட்டில் கையில் கிடைத்த அஞ்சு ரூபாய்க்கு அன்றைக்கே தேன்மிட்டாய் வாங்கித் தின்பது மடத்தனமா?

பெரியவர்கள் மட்டும் என்ன. பெருந்துறையை மையமாக வைத்துக் கிளம்பிய ஈமு கோழி அலை இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சு தருகிறோம், கொட்டகை போட்டுத் தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். சினிமா நடிகர்கள் டி.வி.யில் வந்து சொன்னார்கள். 2012ல் எல்லாம் விழுந்தது. அந்தப் பெரிய பறவைகளுக்குத் தீனி போட ஆளில்லாமல் அரசு தலையிட வேண்டியிருந்தது. அதில் பணம் போட்டவர்கள் யார்? ஊதாரிகளா? சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள், ஓய்வூதியப் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள், சிக்கன நாள் கட்டுரையில் பரிசு வாங்கியிருக்கக்கூடிய ஆட்கள். சேமிக்கத் தெரியாததால் அவர்கள் ஏமாறவில்லை. ‘மாதாமாதம் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, ஈமு கறியை யார் தின்கிறார்கள்?’ என்று கேட்கும் பழக்கம் இல்லாததால் ஏமாந்தார்கள்.

அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கும் தோழி ஒருத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்டல்காரன் வாசல்ல நிக்கும்போது உன் தத்துவம் வராதுடி. வட்டிக் கணக்கு தெரிஞ்சவளாச்சும் ரெண்டு கேள்வி கேப்பா” என்றாள். சொல்லிவிட்டுத் துண்டுச்சீட்டில் போட்டும் காட்டினாள். பத்தாயிரம் தண்டல் வாங்கினால் கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்டால் ‘பதினைஞ்சு பர்சன்ட்தான்’ என்பார்கள். ஆனால் எட்டாயிரத்து ஐந்நூறும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாக அதில் பாதிதான் நம்மிடம் இருந்தது என்று வைத்தால், நாலாயிரத்துச் சொச்சத்துக்கு நூறு நாள் வட்டி ஆயிரத்து ஐந்நூறு. வருடக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது.

அவள் சொன்னது சரி, நான் அதை மறுக்கவில்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பெயர் செய்தியில் அடிபட்டது விசைத்தறிக்காக இல்லை. கடனில் தவித்த தொழிலாளிகளிடமிருந்து சிறுநீரகம் வாங்கப்பட்ட விவகாரத்துக்காக. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. கடன் எவ்வளவு தூரம் உடம்புக்குள் போகும் என்று தெரிந்த ஊரில், குழந்தைகளுக்குப் பணம் பற்றிப் பேசாதே என்பது சொகுசுக்காரர் பேச்சு. தோழி போட்ட கணக்கு ஒரு படப்புத்தகத்துக்கே உரியது என்றுகூடத் தோன்றியது. சூத்திரம் வேண்டாம். ஒரு பை நிறைய நாணயம், பக்கத்துக்குப் பக்கம் பை இளைத்துக்கொண்டே போகும், வாசலில் நிற்கும் ஆள் மட்டும் இளைக்காமல் அப்படியே நிற்பார். ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

ஆக ‘குழந்தைக்கு எதுக்குக் காசுப் பேச்சு’ என்ற முதல் பதிலும் நிற்காது. எந்தக் குழந்தைக்கு? சேலத்தின் வெள்ளிப் பட்டறைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996ல் வெளியிட்ட அறிக்கையில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி வருகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் கூளையன் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்துக்கு விடப்பட்டவன், அவன் உழைப்புக்கான கூலியைப் பேசியவர்களில் அவன் இல்லை. இந்தப் பிள்ளைகள் பணத்தைப் பற்றித் தெரியாமல் இருந்தார்களா? அவர்களே பணமாக இருந்தார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. குஸ்தாவ் யஹோடா என்ற உளவியலாளர் ஸ்காட்லாந்துக் குழந்தைகளிடம் கடை என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தவர். கடைக்காரர் வாங்கின விலையைவிடக் கூட்டித்தான் விற்கிறார் என்பது அவர்களில் பலருக்குப் பிடிபட வெகுகாலம் ஆனது. 1983ல் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஒன்பதிலிருந்து பதினொரு வயதுக் குழந்தைகளிடம் அதே மாதிரி கேட்டார். அவர்கள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட முன்னதாகவே லாபத்தைப் புரிந்துவைத்திருந்தார்கள். காரணம் எளிது. அவர்களுக்கு வாங்கி விற்பது அன்றாட அனுபவம். திருச்செங்கோட்டுச் சந்தையில் அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் கூறு கட்டும் பிள்ளைக்கு ‘தேவையும் ஆசையும்’ படம் போட்டு விளக்கப் போகிறவர், முதலில் அவளிடம் பேரம் பேசிப் பார்த்துவிட்டு வரலாம்.

நம்மிடம் பக்கமே இல்லாத ஒரு பொருளாதாரப் படப்புத்தகம் பழைய காலத்திலிருந்து இருக்கிறது. பல்லாங்குழி. இரண்டு பக்கமும் சமமாகப் புளியங்கொட்டை போட்டுத்தான் ஆரம்பிப்போம். ஆட்டம் போகப்போக ஒருவர் பக்கம் குவியும். மற்றவர் கையிருப்பை வைத்து நிரப்ப முடிந்த குழிகளை மட்டும் நிரப்பி, மீதிக் குழிகளை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும். தொ. பரமசிவன் ‘அறியப்படாத தமிழக’த்தில் இதை எழுதியிருக்கிறார்: சமமாக இருந்தவர்களிடையே தனிச்சொத்து பிறந்து ஏற்றத்தாழ்வு உண்டாவதை மனம் ஏற்றுக்கொள்ளப் பழக்கும் விளையாட்டு என்ற கோணத்தில். தொ.ப. சொன்னால் அதற்கு மேல் பேச நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் குழந்தைகளோடு விளையாடும்போது நான் பார்ப்பது வேறு ஒன்று. தோற்கிற பிள்ளை தன்னைச் சோம்பேறி என்று நினைப்பதில்லை. காலிக் குழியைக் காட்டி ‘இது நாயமே இல்ல, மறுக்கா மொதல்ல இருந்து போடு’ என்று சண்டைக்கு வருகிறது. ஆட்டத்துக்கு விதி இருக்கிறது, விதியைப் போட்டது யாரோ ஆட்கள், வேண்டுமானால் அஞ்சஞ்சாகத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பது அதற்குத் தெரிகிறது. உண்டியல் கதை கேட்ட பிள்ளை ‘எங்கப்பாவுக்குத் தெரியாது’ என்றது. பல்லாங்குழியில் தோற்ற பிள்ளை ‘நாயமில்ல’ என்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தூரம்தான் நான் இங்கே பேசிக்கொண்டிருப்பது.

அப்படியானால் நல்ல புத்தகமே இல்லையா? இருக்கிறது. வேரா பி. வில்லியம்ஸ் எழுதி வரைந்த ‘எ சேர் ஃபார் மை மதர்’, 1982ல் வந்தது. அம்மா ஒரு சாப்பாட்டுக்கடையில் பரிமாறுகிற வேலை பார்க்கிறாள். பாட்டி, அம்மா, சிறுமி மூன்று பேர். வீடு தீப்பிடித்து எல்லாம் எரிந்துபோனது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்து தந்தார்கள். ஆனால் வேலை முடிந்து வந்து அம்மா சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஒரு பெரிய ஜாடியில் அம்மாவின் டிப்ஸ் சில்லறையைச் சேர்க்கிறார்கள். இதுவும் சேமிப்புக் கதைதான், உண்டியல்தான், முடிவில் பொருள் வாங்குவதும் இருக்கிறது. ஆனால் என்ன வித்தியாசம் என்றால், காசு எங்கிருந்து வருகிறது என்று இந்தப் புத்தகம் காட்டுகிறது. அம்மாவின் கால் வலியிலிருந்து வருகிறது. சில நாள் சிரித்துக்கொண்டு வருவாள், சில நாள் மகள் காசு எண்ணிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவாள். அவர்களிடம் பொருள் இல்லாமல் போனது தீயால், யாருடைய குணத்தாலும் இல்லை. ஜாடி நிறைவதற்கு முன்னாலேயே ஊர் வந்து நின்றிருக்கிறது. வாங்குவதும் முதலீடு இல்லை, உழைத்த உடம்பு உட்கார ஒரு இடம்.

இதைப் படித்துக் காட்டியபோது படிப்பகத்தில் யாரும் சைக்கிளைப் பற்றிப் பேசவில்லை. “எங்கம்மாளுக்கும் கால் வீங்கிக்குதுங்க்கா, நைட் ஷிப்ட்டு ஓட்டுனா” என்றான் ஒருவன். பிறகு எல்லோரும் அவரவர் அம்மாவுக்கு எங்கே வலிக்கும் என்று சொல்ல ஆரம்பித்து அன்றைக்கு வேறு எதுவும் நடக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023லிருந்து வாசிப்பு இயக்கம் நடக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள். அந்த அளவில், பதினாறு பக்கத்தில், முட்டையைப் பற்றி ஒன்று செய்யலாம் என்று படிப்பகத்துப் பிள்ளைகளும் நானும் ஓவியம் தெரிந்த நண்பர் ஒருவரும் உட்கார்ந்திருக்கிறோம். சத்துணவில் 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை இப்போது பள்ளி நாள் ஐந்திலும் தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போவது என்று முடிவு. சத்துணவு ஆயா, வேகவைத்த அண்டா, அட்டை இறக்குகிறவர், லாரி டிரைவர், அவர் தூங்காத கண், பண்ணையில் முட்டை பொறுக்கும் அக்கா, கோழி, கோழிக்கு முன்னால் மக்காச்சோளம், சோளத்துக்கு முன்னால் மழை. பிள்ளைகள் சண்டை போட்டு இன்னொரு ஆளையும் சேர்த்தார்கள்: உடைந்த முட்டையைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போகிற பாட்டி.

பண்ணைக்கும் லாரிக்கும் நடுவில், ஒன்பதாம் பக்கத்தில், விலை வர வேண்டும். அதை எப்படி வரைவது என்பதில்தான் மூன்று வாரமாக நிற்கிறது. தொப்பை வைத்த ஒரு முதலாளியைப் போட்டுவிடலாம் என்றார் நண்பர். பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருக்கிறது. “எங்கய்யனே ஃபோனப் பாத்துட்டுத் தலைல கை வெச்சுக்குவாருங்க்கா, அவரு எங்க வெல சொல்றாரு” என்றது. அதுவும் சரிதான். குழு ஒரு எண் சொல்கிறது, வியாபாரி மைனஸ் சொல்கிறார், கேரளாவில் ஒரு கடைக்காரர் வேண்டாம் என்கிறார், மக்காச்சோளம் ஏறுகிறது. ஒரு முகத்தை வரைந்தால் பொய், முகமே இல்லாமல் விட்டால் வானத்திலிருந்து விழுந்த மாதிரி ஆகிவிடும், அது இன்னும் பெரிய பொய். ஒருத்தி நிறையப் பேர் ஒரு கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரி போட்டாள். கயிற்றின் நடுவில் முட்டை. நன்றாக இருந்தது, ஆனால் முட்டை பொறுக்கும் அக்கா கயிற்றைப் பிடிக்கவே இல்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மறந்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை, அவங்களுக்குக் கயிறு எட்டாது என்றாள். நண்பர் அதை அப்படியே மை போட்டுக்கொண்டிருக்கிறார்.